உமாராணி போட்ட அஞ்சு நட்சத்திரம்

ஆடி இருபத்தெட்டாம் தேதி, பகல் பன்னிரண்டு மணி. இலஞ்சி குமரகுரு அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தபோது ஜாய் மாடியறையில் சிவப்புக் கோட்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தென்காசிச் சாரல் இருக்கிறதே, மனுசனுக்கு அது சொகம், துணிமணிக்குச் சனியன். ஆனி கடைசியில் டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்த கோட்டுகள் எட்டும் பூசணம் பூத்துக் கிடந்தன. சூடு பட்டதும் அந்த வாடை கிளம்பி அறையை அடைத்துக்கொண்டது. ஜன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே வரும், மூடினால் மூச்சு முட்டும். பாதி திறந்து வைத்துக்கொண்டு, கழுத்துப்பட்டை சரிகை கருகிவிடாமல் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. கோட்டு எட்டும் அதற்குள் வெயில் பார்க்கவேண்டும், இந்த ஊரில் வெயில் எங்கே இருக்கிறது?

அந்த முதல் முகூர்த்தமே குமரகுரு அண்ணாச்சி மகள் கல்யாணந்தான். அவர் போலீசில் எஸ்.ஐ.யாக இருந்து ரிட்டயர் ஆனவர். வயல், தென்னந்தோப்பு, இலஞ்சியில் வாக்குக்கு ஒரு மதிப்பு எல்லாம் உண்டு. மாப்பிள்ளை ராயகிரிக்காரன், பட்டாளத்தில் இருக்கிறான். மாப்பிள்ளை அழைப்புக்கு ஜாயின் புருசன் கிங்ஸ்லியின் பேண்டு செட்டுதான் என்று அண்ணாச்சி போன மாதமே சொல்லியாயிற்று. அதோடு விடவில்லை. ஆவணியில் அவருடைய பங்காளி வீடுகளில் இன்னும் மூன்று கல்யாணம் இருக்கிறது, அதற்கும் நீங்கள்தான் என்று வாய் நிறையச் சொல்லியிருந்தார். செட்டில் எட்டுப் பேர். ஆடியில் கல்யாணம் கிடையாது. எட்டு வீட்டுக்கும் ஆவணியைப் பார்த்துத்தான் உலை கொதிக்கிறது.

சத்தம் போடுகிற ஆளிடமாவது கெஞ்சிப் பார்க்கலாம். குமரகுரு அண்ணாச்சி சத்தமே போடமாட்டார்.

"ஏம்மா ஜாய், செல்லுல ஒங்க செட்டுப் பக்கத்த சம்பந்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். பாத்துட்டு சம்பந்தியம்மா அழுதுட்டாவளாம்."

ஜாய்க்கு முதலில் உள்ளம் குளிர்ந்துபோயிற்று. புருசன் வாசிப்பைக் கேட்டுத்தான் அந்தம்மா உருகிவிட்டாள் என்று நினைத்து, அப்படியா அண்ணாச்சி என்று சிரிக்கக்கூடச் செய்தாள், பாவம்.

"சிரிக்காத தாயி. தொறந்தவொடனே பாடைல்லா நிக்கி."

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைக்க அவளுக்குக் கை வந்தது பெரிய காரியம். கோட்டு தப்பித்தது.

அண்ணாச்சி விவரமாகச் சொன்னார். சம்பந்தியம்மா செல்லைத் திறந்திருக்கிறாள். முதல் படமே பூ ஜோடித்த பாடை. பாடைக்கு முன்னால் வெள்ளை உடுப்பில் கிங்ஸ்லி, கன்னம் புடைக்க டிரம்பெட் ஊதிக்கொண்டு. கீழே அஞ்சு நட்சத்திரம் போட்டு, 'எங்க அம்மாவ ராணி மாதிரி அனுப்பி வச்சாங்க' என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இது என்ன சகுனம் என்று அந்தம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். ராயகிரியிலிருந்து நாலு போன் வந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் இவர் வீட்டுக்கு வருகிறார், பத்திரிகை விஷயமாக. அவர் திறந்து பார்க்கும்போது அந்தப் படம் இருக்கக்கூடாது. இருந்தால் சிவகிரியில் ஒரு செட்டு இருக்கிறது, அண்ணாச்சி அவர்களுக்குச் சொல்லிவிடுவார். பங்காளி வீட்டுக் கல்யாணங்களுக்கும் அதுதான். தப்பாக நினைக்கவேண்டாம் என்றும் சொன்னார். தப்பாக நினைக்கவேண்டாம் என்று சொல்லித்தான் நம்ம ஊரில் எல்லாத் தப்பும் நடக்கிறது.

கீழே கிங்ஸ்லி டிரம்பெட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். ஜாய் படியிறங்கி வந்து சொன்னதும் அவன் துணியைக் கீழே வைக்கவில்லை, துடைத்துக்கொண்டேதான் கேட்டான். முடிவில், "ரெண்டையும் ஒரே எலையில வைக்காதட்டின்னு அன்னைக்கே சொன்னேன்" என்றான். அவனைத் திட்டுவதற்குக்கூட அவளுக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.

அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. பேண்டு செட்டு என்றால் நல்லதுக்கும் போகும், கெட்டதுக்கும் போகும். அதே எட்டுப் பேர், அதே டிரம்பெட்டு, அதே டிரம். நல்லதுக்குச் சிவப்புக் கோட்டு, கெட்டதுக்கு வெள்ளை. நல்லதுக்கு அட்டை அடித்து வைத்திருந்தார்கள், கிங்ஸ்லியின் பெயரும் நம்பரும் போட்டு. கெட்டதுக்கு அட்டை கிடையாது. பெரிய டிரம் அடிக்கிற சொரிமுத்து அண்ணாச்சிக்குச் சேதி வரும், அவர் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார், கிங்ஸ்லி வெள்ளையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். எந்த வீடு என்று ஜாய் கேட்கமாட்டாள், அவனும் சொல்லமாட்டான். திரும்பி வந்து தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் காலை வைப்பான். போன வாரம் மாமனார் பாடைக்கு முன்னால் ஊதினவன்தான் இந்த வாரம் மருமகன் காருக்கு முன்னால் ஊதுகிறான் என்பது தென்காசியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். ஊருக்கு அந்த நாகரிகம் இருந்தது, செல்லுக்குத்தான் அது இல்லாமல் போயிற்று.

செல்லில் பக்கம் திறந்தது ஜாய்தான். வைகாசியில் திருநெல்வேலியில் ஒரு அமைப்பு கலைஞர்களுக்கென்று ஒருநாள் வகுப்பு நடத்தியது. இணையத்தில் கலைக்குழுக்கள் தங்கள் பெயரை ஊன்றிக்கொள்வது எப்படி என்று பாடம். நாதஸ்வரக்காரர்கள், கரகம் ஆடுகிறவர்கள், தெருவில் படம் வரைகிறவர்கள் என்று நாற்பது பேர். கிங்ஸ்லி வரமாட்டேன் என்றதால் ஜாய் போனாள். பாடம் எடுத்த அம்மாள் நல்ல மாதிரி, பொறுமையாகச் சொல்லித் தந்தாள். ஒரு குழுவுக்கு ஒரே பேர், ஒரே நம்பர், ஒரே முகம் இருக்கவேண்டும். பத்துப் பேர் கையால் நல்ல வார்த்தை எழுதி வாங்குங்கள், இல்லாவிட்டால் தேடுகிறவன் கண்ணில் நீங்கள் படமாட்டீர்கள் என்றாள். ஜாய்க்கு ஒரு கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ரெண்டு முகம் இருக்கிறவங்க என்னம்மா செய்ய? பக்கத்தில் ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கேட்காமல் விழுங்கிவிட்டாள்.

பக்கத்தைத் திறந்து முடிப்பதற்குள் ஆடி வந்துவிட்டது. நல்ல வார்த்தை யாரிடம் கேட்பது? கல்யாண வீட்டார் எல்லாம் பழைய வருசத்து ஆட்கள், நம்பர் மாறிப்போயிருந்தது. கண்ணுக்கு முன்னால் இருந்தது கெட்ட வீடுகள்தான். நாலு வீட்டில் கேட்டாள், அதுவும் பதினாறாம் நாள் விசேஷம் முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்து. மூன்று வீட்டில் தலையாட்டினார்கள், எழுதவில்லை. குற்றாலத்தில் சிப்ஸ் கடை வைத்திருக்கிற உமாராணி மட்டும் அன்றைக்கே எழுதிவிட்டாள், படமும் வீடியோவும் போட்டு. ஜாய் பக்கத்தில் பதினோரு படம் ஏற்றியிருந்தாள், அத்தனையும் சிவப்புக் கோட்டு. அந்தப் பதினொன்றையும் விட்டுவிட்டு, பக்கம் தானாகவே இந்த ஒரு படத்தைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அஞ்சு நட்சத்திரம் வந்த சந்தோஷத்தில் நட்சத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அழித்துத் தொலையலாம் என்றால் முடியாது. பக்கம் அவளுடையது, வார்த்தை உமாராணியுடையது. எழுதினவள்தான் எடுக்கமுடியும். புகார் சொல்ல ஒரு வழி உண்டு, அதற்கு நாலு நாள் ஆகலாம், எடுக்கமாட்டோம் என்றும் சொல்லலாம். ஆறு மணிக்குத் தாய்மாமன் வருகிறார்.

போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உமாராணி நம்பரை எடுத்தாள். அம்மா செத்து நாற்பது நாள்கூட ஆகாத பிள்ளையிடம், நானே கேட்டு வாங்கினதை நானே அழி என்று எப்படிப் போனில் சொல்ல? குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

சீசனில் குற்றாலம் பஸ்ஸில் ஏறுவது ஒரு தவம். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, நாலாவதில் நின்றபடி மேலகரம் தாண்டும்போது மணி மூன்றேகால். மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. பஸ் ஊருக்குள் நுழைகிறபோதே தெரிந்துவிட்டது, அருவியில் வெள்ளம் கூடிப்போய்க் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். குளிக்க வந்த கூட்டம் அம்புட்டும் ஈரத்துண்டோடு ரோட்டில் நின்றது. குளிக்கமுடியாத ஜனம் வேறு என்ன செய்யும்? தின்னும். மிளகாய் பஜ்ஜிக் கடையிலும் சிப்ஸ் கடைகளிலும் தேன்கூட்டில் ஈ மொய்ப்பதுபோல மொய்த்துக்கொண்டிருந்தார்கள்.

உமாராணியின் கடையில் தலை தெரியவில்லை. முன்னால் ஆறு வரிசை ஆள். உள்ளே பெரிய வாணலியில் தேங்காயெண்ணெய் கொதித்தது. உமாராணி ஒரு கையில் உரித்த நேந்திரங்காயைப் பிடித்து, சீவுகிற பலகையில் வைத்து, எண்ணெய்க்கு மேலேயே நேராகச் சீவித் தள்ளினாள். கண் இமைக்கிற நேரத்தில் ஒரு காய். சுடச்சுட மிதந்து வந்ததும் உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி விட்டாள், எண்ணெய் சடசடவென்று சீறி அடங்கியது. முப்பத்தி நாலு வயசு, கறுத்து மெலிந்த உடம்பு. முழங்கை வரைக்கும் பழைய எண்ணெய்த் தழும்பு. பொட்டலம் கட்டுகிறவள் இன்றைக்கு வரவில்லை போலிருக்கிறது, அவளே வறுத்து, அவளே நிறுத்து, அவளே சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜாயைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வாங்கக்கா, குளிக்க வந்தியளா, இன்னைக்குப் பாத்து அடைச்சிட்டானே என்றாள். இல்ல உமா, ஒங்கிட்ட ஒரு வார்த்த பேசணும் என்றாள் ஜாய். இந்தக் கூட்டம் கொஞ்சம் வடியட்டும், பேசுவோம், உக்காருங்க என்று ஒரு எண்ணெய் டின்னைக் காலால் தள்ளிவிட்டாள் உமாராணி.

கூட்டம் எங்கே வடிகிறது? ஒரு வேன் போனால் இரண்டு வேன் வருகிறது. ஐந்து நிமிஷம் டின்னில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு மனசு கேட்காமல் எழுந்து குடையை மூலையில் சாய்த்துவிட்டு, கவரை எடுத்துப் பொட்டலம் போட ஆரம்பித்தாள். கால் கிலோ, அரைக் கிலோ, காரம், சாதா. கை வேலை பார்த்தது, கண் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தது. நாலரை. கிங்ஸ்லி போன் பண்ணினான், எடுக்கவில்லை. நாலே முக்கால். மறுபடியும் பண்ணினான். இவ்வளவு பேருக்கு நடுவில், இவள் எனக்குப் பலகாரம் வேறு தந்துகொண்டிருக்கும்போது, எந்த வாயால் கேட்பது என்று அவளுக்குப் புழுங்கியது. அஞ்சு மணிக்கு மழை நன்றாக இறங்கியது. கூட்டம் சிதறி ஓடி எதிர்க் கடைக் கொட்டகைக்குள் ஒதுங்கிக்கொண்டது. உமாராணி அடுப்பைத் தணித்துவிட்டு நெற்றியைத் துடைத்தாள்.

இனிமேல் தள்ளமுடியாது. ஜாய் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அண்ணாச்சி சொன்னது, சம்பந்தியம்மா அழுதது, ஆறு மணிக்கு ஆள் வருவது, சிவகிரி செட்டு, எட்டு வீடு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். சொல்லி முடித்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

உமாராணி ஜல்லிக்கரண்டியால் எண்ணெயில் கிடந்த தூளை அரித்து எடுத்துக்கொண்டே இருந்தாள்.

"வீடியோ எங்கிட்ட இருக்குக்கா" என்றாள் கடைசியில். "அழிச்சா ஒண்ணும் போயிராது. தெனமும் ராத்திரி பாத்துட்டுத்தான் படுக்கேன்."

"மன்னிச்சிரு உமா. நானே வந்து எழுதுன்னு கேட்டேன். நானே வந்து..."

"பொம்பளைய தெருமுக்கு வரைக்குந்தானக்கா. அதுக்கு மேல வரக்கூடாதுன்னு நிறுத்திட்டாவ. எங்கண்ணன் சவூதில இருந்து வரல. சித்தப்பா மகன்தான் கொள்ளி வச்சான். நான் முக்குல நின்னேன். கிங்ஸ்லி அண்ணாச்சி ஊதுத சத்தம் மொதல்ல ரைஸ்மில்லுகிட்ட கேட்டுது. பெறகு பாலத்துகிட்ட. பாலந் தாண்டுனதும் சன்னமாயிட்டுது. பெறகு நின்னு போச்சு. அப்பந்தான் அம்மாவ எறக்கிட்டாவன்னு எனக்குத் தெரிஞ்சுது. வேற யாரும் வந்து சொல்லல."

மழைச் சத்தத்தில் அவள் மெதுவாகத்தான் பேசினாள். ஜாய்க்கு ஒரு எழுத்து தப்பாமல் கேட்டது. இருபது வருசமாக அந்த டிரம்பெட்டோடு குடும்பம் நடத்துகிறாள். அது ஓய்கிற இடத்தில் ஒருத்தி நின்று இப்படிக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

திடீரென்று ஒரு யோசனை தோன்றி, அதைப் பிடித்துக்கொண்டு பேசினாள். கெட்டதுக்கென்று தனியாக ஒரு பக்கம் திறந்துவிடுகிறேன், வேற பேரில், வேற நம்பரில். உன் வார்த்தையை அங்கே போட்டுக்கொள்ளலாம். ஒருத்தர் கண்ணையும் உறுத்தாது.

உமாராணி முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊருக்கு வெளிய தனியா ஒண்ணு கட்டுதேங்கிய. சுடுகாட்டையும் அப்படித்தான வச்சிருக்காவ."

ஜாய் கையிலிருந்த கவரை மடிக்க ஆரம்பித்தாள்.

"அந்த போர்டப் பாருங்க" என்று உமாராணி கடை நெற்றியைக் காட்டினாள். அவள் அண்ணன் பெயர் போட்டுச் சிப்ஸ் கடை என்று எழுதியிருந்தது. "முப்பத்தெட்டு வருசம் எங்கம்மா இந்த வாணலிகிட்ட நின்னா. தங்கபுஷ்பம்னு அவ பேரு எங்கயாவது இருக்கா? ரேஷன் கார்டுல இருந்துச்சு, அதுலயும் எடுத்தாச்சு. நீங்க எழுதுன்னு சொன்னப்பம் எனக்கு அதுதான் தோணுச்சு. ஊரு உலகம் பாக்குத எடத்துல, பேரோட, இப்படி ஒருத்தி இருந்தா, அவள இப்படி அனுப்புனோம்னு எழுதுனேன். மத்தவங்களுக்கு அது பாடையாத் தெரிஞ்சா நான் என்ன செய்ய?"

ஜாயின் செல் அடித்தது. கிங்ஸ்லி. மணி அஞ்சு முப்பத்தஞ்சு. அது அடித்து ஓய்ந்தது.

வேண்டாம் உமா, இருக்கட்டும், நாங்க வேற வழி பாத்துக்கிடுதோம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட ஜாய்க்கு ஆசையாகத்தான் இருந்தது. நெஞ்சு அதைத்தான் சொல்லச் சொன்னது. சொரிமுத்து அண்ணாச்சிக்குப் போன வாரந்தான் மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கிறது. கிளாரினெட் வாசிக்கிறவன் வீட்டில் கூரை ஒழுகுகிறது. அவர்கள் எல்லாரும் ஆவணி, ஆவணி என்று விரலை மடக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவள் சொல்லவில்லை. சும்மா நின்றாள்.

உமாராணிக்கு அது புரிந்தது. தொழில்காரிக்குத் தொழில்காரி.

"கையெல்லாம் எண்ணெக்கா. செல்லு அந்தா அரிசி டப்பா மேல இருக்கு. நீங்களே எடுத்திருங்க."

"நீயே செஞ்சிரேன் உமா."

"கை எண்ணெங்கேம்லா" என்றாள் உமாராணி, குரல் கொஞ்சமும் உயராமல்.

ஜாய் எடுத்தாள். உமாராணி கோடு போட்டுத் திறக்கச் சொல்லித் தந்தாள். படம் வந்தது. பூவுக்கு நடுவில் தங்கபுஷ்பத்தின் முகம், தாடைக்கட்டு, நெற்றியில் ஒற்றைக் காசு. அழிக்கட்டுமா என்று அது ஒரு தடவை கேட்டது. சிப்ஸ் போட்ட விரலில் உப்பும் எண்ணெயும், அழுத்தினால் ஏறவில்லை. சேலையில் துடைத்துவிட்டு அழுத்தினாள், அப்போதும் ஏறவில்லை. மூன்றாவது தடவை, முந்தானையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு அழுத்தினாள். போய்விட்டது. ஒரு சத்தம்கூட இல்லை.

மழை விட்டது. எதிர்க் கொட்டகையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உமாராணி அடுப்பைக் கூட்டினாள். பாத்துப் போங்கக்கா, ரோடெல்லாம் வழுக்கும் என்று மட்டும் சொன்னாள்.

ஜாய் வீடு வந்து சேர்ந்தபோது ஆறரை. கிங்ஸ்லி வாசலிலேயே நின்றான். முகத்தைப் பார்த்துவிட்டு காப்பி போட உள்ளே போனான். அவள் நனைந்த சேலையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

அவருக்குத் திருப்தி. தாய்மாமன் வந்தார், பார்த்தார், பக்கம் சுத்தமாக இருக்கிறது. சிவப்புக் கோட்டும் அம்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு குறை. ஒருத்தருமே ஒன்றும் எழுதவில்லையே, இவர்கள் எங்கேயாவது வாசித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டார். மொட்டையாகக் கிடக்கிறது தாயி, சம்பந்தி வீட்டுக்கு முன்னால் எனக்குக் கௌரவமாக இல்லை. அதனால் நானே ஒன்று எழுதிப் போட்டுவிட்டேன், பார்த்துக்கொள் என்றார். இனிமேல் பயப்படவேண்டாம், பங்காளி வீட்டுக் கல்யாணம் மூன்றும் உங்களுக்குத்தான். நம்ம பிள்ளைகள் முன்னுக்கு வரவேண்டும் என்று வாழ்த்தி வைத்தார்.

ஜாய் பக்கத்தைத் திறந்தாள். அஞ்சு நட்சத்திரம். குமரகுரு, இலஞ்சி. 'எங்கள் இல்ல நிகழ்ச்சியில் நான்கு ஆண்டுகளுக்கு முன் வாசித்தார்கள். அந்த டிரம்பெட் ஓசை இன்னும் என் காதில் கேட்கிறது. கேட்டவர் கண் கலங்காமல் இல்லை.'

காப்பியோடு வந்த கிங்ஸ்லியிடம் நீட்டினாள். அவன் நின்றபடியே படித்தான். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தான்.

"நாலு வருசத்துக்கு முன்னால அவிய வீட்டுல என்ன நிகழ்ச்சி?" என்று கேட்டாள் ஜாய். "மூத்தவளுக்குக் கல்யாணம் மதுரையிலல்லா நடந்துச்சு?"

கிங்ஸ்லி செல்லை அவளிடம் திருப்பிக் கொடுத்தான்.

"என்னங்க, கேக்கேம்லா?"

"அவிய அப்பாவுக்கு" என்றான். "அவிய வீட்டுல நாங்க வாசிச்சது அது ஒண்ணுதான். மண்ணுல வைக்கிற வரைக்கும் நிறுத்தாதடேன்னு எங்கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு."

"இத ஏன் மத்தியானமே சொல்லல?"

"கெட்ட வீட்டுக்குப் போனத வெளிய சொல்லப்பிடாது. சொன்னா அது தொழிலா?"

ஜாய்க்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் காப்பி டம்ளரைத் தூக்கிச் சுவரில் எறியலாம் என்று வந்தது. ஒருத்தி தாய்க்காரியின் பெயரைப் போட்டு, முகத்தைப் போட்டு, உள்ளதை உள்ளபடி எழுதினாள். அது சகுனத்தடை. இன்னொருத்தர் தகப்பனின் சாவை 'நிகழ்ச்சி' என்று மடித்து வைத்து எழுதினார். அது கௌரவம். பக்கத்தில் இப்போதும் நிற்பது ஒரு கெட்ட வீட்டு நட்சத்திரந்தான். அதைப் பார்த்துத்தான் ராயகிரிக்காரர்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் எழுதினதற்குக் கீழே, 'உங்கள் தகப்பனார் ஆத்மா சாந்தியடையட்டும் அண்ணாச்சி' என்று பதில் அடித்தாள். விரல் அனுப்புகிற இடத்துக்கு மேலே நின்றது. கிங்ஸ்லி தோளுக்கு மேலே அதைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. மாடியில் இன்னும் அஞ்சு கோட்டு தேய்க்காமல் கிடக்கிறது. ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, 'நன்றி அண்ணாச்சி' என்று போட்டு அனுப்பினாள்.

அனுப்பின பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. அட, அவர் வழியைக் காட்டிவிட்டல்லவா போயிருக்கிறார். படம் இல்லாமல், சாவு என்ற வார்த்தை இல்லாமல் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? அவர் நட்சத்திரம் நிற்கலாம் என்றால் உமாராணியின் நட்சத்திரமும் நிற்கலாம். ஈரச் சேலையோடு எழுந்து நின்றுகொண்டு உமாராணிக்குப் போன் போட்டாள். நாலைந்து மணி அடித்து எடுத்தாள். பின்னால் எண்ணெய் சீறுகிற சத்தமும் ஜனச் சத்தமும் கேட்டன. ஜாய் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள், அண்ணாச்சி எழுதினதை வாசித்தும் காட்டினாள்.

"அதனால நீயும் மறுபடி எழுது உமா. படம் மட்டும் வேண்டாம். 'எங்க அம்மா தங்கபுஷ்பத்துக்கு வாசிச்சாவ'ன்னு எழுது, அது போதும். பேரு இருக்கும். இனிமே ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்ல முடியாது, அவருட்ட நான் பேசிக்கிடுதேன். இப்பமே எழுது."

காய் சீவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வேண்டாங்கா" என்றாள். "அன்னைக்கு ஒருதடவ அனுப்பி வச்சேன். இன்னைக்கு ஒங்க கையால ரெண்டாவது தடவ அனுப்பியாச்சு. இன்னொரு தடவ கூட்டிட்டு வந்து, யாரு எப்பம் போகச் சொல்லுவாவளோன்னு வச்சிக்கிட்டு இருக்க என்னால ஆவாது."

கோபப்பட்டிருந்தால் ஜாய் தாங்கியிருப்பாள். கோபமே இல்லை, விலை சொல்லுகிற குரல்தான். ஜாய் உமா, உமா என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அங்கே செல்லை அணைக்காமலே அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. யாரிடமோ காரமா, சாதாவா என்று உமாராணி கேட்பது கேட்டது. காரம், அரைக் கிலோ என்று ஒரு ஆம்பளைக் குரல் சொன்னது. ஜாய் வைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றாள்.